முப்பது சென்டிமீட்டர் செம்பு

ட்ரியெஸ்ட் நகரத்துக்கு மேலே, சுண்ணாம்புக்கல் மேட்டில்,
போரா காற்று இன்றிரவு
சைக்கிள்களை எல்லாம்
ஒரே பக்கமாய்ப் படுக்க வைத்திருக்கிறது.
கூடத்துக்குள் காற்றில்லை,
எண்ணெய்த் தொட்டிகளின் வெதுவெதுப்பு மட்டும்.

ஏழாம் எண் கிளைஸ்ட்ரானின் இணைப்பை எடுத்துவிட்டேன்.
ஆளுயரத்தை மிஞ்சிய குழல். உள்ளே ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாமைக்குத்தான் இத்தனை விலை.
நாற்பத்தோராயிரம் மணி நேரம் எரிந்த இழை
இன்னும் எரியும்,
நாங்கள் ஒழுங்காக இருந்தால்.

அதன் இடத்தில் நான் கட்டுவது
முப்பது சென்டிமீட்டர் செம்புக் கம்பி.
முடியைவிடச் சற்றே தடிப்பு.
மூச்சுப் பட்டால் ஆடுகிறது.

கணக்கு இதுதான்:
மின்தேக்கி வரிசையில் நிற்கும் ஆற்றல்
ஒரு காரை முதல் மாடிக்குத் தூக்கும்.
உள்ளே பொறி தெறித்தால் குழல் தாங்குவதோ
ஒரு கிலோ மாவுப் பொட்டலத்தை
அலமாரியின் மேல்தட்டில் வைக்கும் உழைப்பு.
அவ்வளவே.
மீதி முழுவதையும்
சில நுண்வினாடிகளுக்குள்
வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும்,
வெள்ளம் ஊரைத் தொடுமுன்
கரையை நாமே வெட்டிவிடுவதுபோல.

லிவியோ கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைக்கிறான்:
"நெவென்கா, ஆறு மணிக்குக் கற்றை கேட்கிறார்கள்.
போன வருஷம் தேறியதுதானே,
தேறியது என்று எழுதிவிடேன்."

பொறிக்குப் போன வருஷம் தெரியாது.

கூண்டைப் பூட்டினேன். சாவி என் சட்டைப்பையில்.
மூன்று, இரண்டு,
தடித்த புத்தகம் ஒன்று தரையில் விழுந்த சத்தம்.

போய்ப் பார்த்தேன்.
இரண்டு திருகுகள். நடுவில் கம்பி இல்லை.
பீங்கான்மேல் கருஞ்சிவப்பாய் ஒரு கறை,
விரல் அகலத்துக்கு.
கம்பி இருந்த இடத்தில் குழல் இருந்திருந்தால் என்று
நினைக்கத் தொடங்கி, பாதியில் விட்டேன்.

முதலில் தரைக்கோல்.
மின்தேக்கியை அணைத்தாலும், முழுக்க வடித்தாலும்,
கோலை எடுத்துவிட்டு அரை மணி கழித்து வந்தால்
கொஞ்சம் மறுபடி ஊறியிருக்கும்,
யாரும் ஊற்றாமலே, கிணற்றில் ஊறுவதுபோல்.
அதனால் உள்ளே கை இருக்கும்வரை
கோலும் அங்கேயே தொங்க வேண்டும்.
கல்யாணம் முறிந்த வருஷத்தில்
இந்த விதி எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டு மணி நேரம் தேடினேன்.
பொறிவாய் சுத்தம். தூண்டல் அட்டை சரி.
கடைசியில் அலமாரியின் பின்னால்,
சுவருக்கும் தகட்டுக்கும் நடுவே
நசுங்கி மடிந்த ஒளியிழை.
"திற" என்ற கட்டளை அந்த மடிப்பில் மங்கிப்போக,
இரண்டாம் காவல் விழித்து, தாமதமாக,
மதகைத் திறந்திருக்கிறது.

செப்டம்பரில் அந்த அலமாரியை நகர்த்தியது யார்?
பதிவேட்டைப் புரட்ட வேண்டியதில்லை.
தோளால் நெட்டித் தள்ளியது ஞாபகம் இருக்கிறது.
அவசரம். அன்று மகளுக்குக் காய்ச்சல்.
இழைக்கு அது தெரியுமா என்ன.

புதிய இழை. புதிய கம்பி.
கட்டும்போது விரல் ஆடியது;
கம்பி ஆடியதா, நானா, சொல்ல முடியவில்லை.
பூட்டு. சாவி.
மறுபடி அதே சத்தம், எள்ளளவும் குறையாமல்.

உள்ளே
கம்பி இருந்தது.
தொட்டால் சூடுகூட இல்லை.

"தேறியதா?" என்றான் லிவியோ.
"இருக்கிறது" என்றேன்.
"அப்படியென்றால்?"
"இருக்கிறது, லிவியோ. இன்னும் மூன்று முறை பார்க்கிறேன்.
உன் ஆறு மணியை ஒன்பதாக்கு."

பதிவேட்டில் வருஷத்துக்கு ஒரு கம்பி,
ஒட்டுநாடாவின் கீழே, மடங்காமல்.
இந்த வருஷக் கம்பியை ஒட்டுமுன்
மேலே ஒரு விரற்கடை வெற்றுக் காகிதம் விட்டு
அங்கும் நாடா ஒட்டினேன்.
பக்கத்தில் நேரம்: 02.47.
காரணம் என்ற இடத்தில் என் பெயர்.